ஒரு லிட்டருக்கு இரண்டரை யூனிட்

மின்சார கார் வாங்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது. ஓடோமீட்டர் 74,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பெட்ரோலைவிட லாபமா?" முதல் வருடத்தில் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்கிறேன். ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

நான் எதையும் எழுதி வைக்கிற ரகம். பழைய பெட்ரோல் காரை ஒன்பது வருடம் ஓட்டினேன். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் லிட்டரையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துவிடுவேன். தயாரிப்பாளர் சொன்ன மைலேஜ் 18. என் நோட்டு சொன்னது 14. மின்சார கார் வந்ததும் அதே நோட்டின் பின்பக்கத்தில் இருந்து எழுத ஆரம்பித்தேன்.

இங்கே பணத்தைப் பணமாகச் சொல்லாமல் லிட்டராகச் சொல்கிறேன். பெட்ரோல் விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். மின்சாரக் கட்டணமும் அப்படியே. "400 லிட்டர் செலவு" என்று நான் எழுதினால், என் ஊர் விலையில் 400 லிட்டர் பெட்ரோல் வாங்கக்கூடிய பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விலையைப் போட்டுப் பெருக்கினால் உங்கள் கணக்கு வந்துவிடும். எண்கள் என்னுடையவை, உங்களுக்கு மாறும். போடுகிற முறை மாறாது.

முதலில் எரிபொருள். அதற்கு முன் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் காரின் திரையில் தெரிந்த எண்ணையே நம்பினேன். 100 கிலோமீட்டருக்கு 15.1 யூனிட் என்று காட்டியது. ஆஹா என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அப்புறம் சார்ஜருக்கென்று சுவரில் தனி மீட்டர் பொருத்தியபோதுதான் தெரிந்தது, அதே 100 கிலோமீட்டருக்கு மின்வாரியத்துக்கு நான் காசு கட்டுவது 16.9 யூனிட்டுக்கு. இடையில் உள்ள 1.8 யூனிட் எங்கே போனது? வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குள் போக வேண்டியது நேர்திசை மின்சாரம். அந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது. அது சூடாகிறது, கேபிள் சூடாகிறது, பேட்டரியும் கொஞ்சம் சூடாகிறது. போதாததற்கு சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினிகளும் குளிர்விக்கும் பம்பும் விழித்துக்கொண்டிருக்கின்றன. திரை காட்டுவது பேட்டரியில் இருந்து வெளியே போனதை மட்டும். நாம் காசு கொடுப்பது சுவரில் இருந்து எடுத்ததற்கு.

இதில் இன்னொரு விஷயமும் பிடிபட்டது. ஆரம்பத்தில் சாதாரண சாக்கெட்டில் மெதுவாக ஏற்றினேன், 2 கிலோவாட் வேகத்தில். அப்போது நஷ்டம் இன்னும் அதிகம். கார் விழித்திருக்க ஆகும் இருநூறு முந்நூறு வாட் செலவு, 7 கிலோவாட்டில் ஏற்றினாலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் மெதுவாக ஏற்றினால் அந்தச் செலவு மூன்று மடங்கு நேரம் ஓடுகிறது. மெதுவாக ஏற்றினால் சிக்கனம் என்று நினைத்தது தப்பு.

அந்தச் சாக்கெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் பிளக்கை உருவினால் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. உருவிப் பார்த்தேன். ஒரு முள்ளைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரத்தில் லேசாக இளகி, முள்ளோடு ஒட்டியிருந்தது. மூக்கில் வைத்தால் கருகிய வாடை. அயர்ன் பாக்ஸுக்குப் பத்து நிமிடம் தாங்குகிற சாக்கெட், தொடர்ந்து ஒன்பது மணி நேரம் ராத்திரி ராத்திரியாகத் தாங்காது. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், மெயின் போர்டில் இருந்து தடிமனான கேபிள், சுவர் சார்ஜர். எல்லாமாகச் சேர்த்து 400 லிட்டர். கார் வாங்கும்போது இந்தச் செலவை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் மெயின் போர்டு கார் நிற்கும் இடத்தில் இருந்து தள்ளி இருந்தால் கேபிள் நீளத்துக்கே இன்னும் ஆகும்.

சரி, இப்போது ஒப்பீடு. பெட்ரோல் காரில் ஒரு லிட்டருக்கு 14 கிலோமீட்டர். மின்சார காரில், சுவர் மீட்டர் கணக்கில், ஒரு யூனிட்டுக்கு 5.9 கிலோமீட்டர். 14 கிலோமீட்டர் போக 2.4 யூனிட். கொஞ்சம் தாராளமாக இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். நான் மனதில் வைத்திருக்கும் ஒரே சூத்திரம் இதுதான்: ஒரு லிட்டர் பெட்ரோல் விலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கிறது? இரண்டரைக்கு மேல் கிடைத்தால் கிலோமீட்டர் செலவில் மின்சாரம் ஜெயிக்கிறது. எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு மிச்சம்.

எங்கள் வீட்டு மின்சாரத்தில் ஒரு லிட்டர் காசுக்கு 12 யூனிட் வருகிறது. அதாவது பெட்ரோலுக்கு ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் அதே காசுக்கு நாலரை யூனிட். அங்கே செலவு பாதிக்கு மேலே வந்துவிடுகிறது. ஒரே கார், ஒரே சாலை, ஒரே டிரைவர். எங்கே பிளக்கைச் செருகுகிறேன் என்பதை வைத்து மட்டும் எரிபொருள் செலவு இரண்டரை மடங்கு மாறுகிறது. "மின்சார கார் ஓட்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவுதான்" என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எந்தச் சுவரில் ஏற்றியது என்று கேளுங்கள்.

நெடுஞ்சாலையில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது என்று பள்ளியில் படித்தது, காரின் திரையில் கண்ணெதிரே தெரிகிறது. 120இல் போனால் என் கார் 100 கிலோமீட்டருக்கு 21 யூனிட் குடிக்கிறது. பெட்ரோல் காருக்கும் அதே காற்றுதான். ஆனால் நகர நெரிசலில் தடுமாறுகிற எஞ்சின், நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. என் பழைய கார் அங்கே லிட்டருக்கு 17 கொடுத்தது. 17 கிலோமீட்டருக்கு மின்சார காரில் 3.6 யூனிட் வேண்டும். நெடுஞ்சாலை சார்ஜர் ஒன்றில் ஒரு லிட்டர் காசுக்கு நாலு யூனிட்தான் கிடைத்தது. மிச்சம் பத்து சதவீதம். அதற்காக முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். வாரம் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவர், வழியில் மட்டுமே சார்ஜ் ஏற்றுகிறவர் என்றால் லாபம் என்ற பேச்சே வேண்டாம்.

நகருக்குள் கதை தலைகீழ். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடைந்து கிடக்கிறது. என் காரின் பேட்டரி 50 யூனிட். அதாவது முழுக்க நிரப்பிய என் பேட்டரியில் இருப்பது ஐந்தரை லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல்தான்! அதை வைத்துக்கொண்டு இந்தக் கார் 300 கிலோமீட்டர் போகிறது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. சிக்னலில் நிற்கும்போது கொடுப்பது பூஜ்யம். ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு லிட்டர் போகும். மின்சார காரில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏசிக்கு மட்டும் ஒரு யூனிட். பிரேக் பிடித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. கடுங்குளிர் உள்ள ஊர் என்றால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்: பெட்ரோல் காரில் ஹீட்டர் இலவசம், வீணாகும் சூட்டைத்தான் உள்ளே ஊதுகிறது. மின்சார காரில் அந்தச் சூட்டையும் பேட்டரியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே இழுத்து, குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் கருவி) உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

என் ஓட்டத்தில் 85 சதவீதம் வீட்டுச் சார்ஜ், மீதி வெளியே. எல்லாம் கலந்து பார்த்தால் பெட்ரோலுக்கு ஆகியிருக்கும் செலவில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. வருடத்துக்கு 18,500 கிலோமீட்டர், பெட்ரோல் என்றால் 1,320 லிட்டர். அதில் மிச்சம் 965 லிட்டர். இந்த எண்ணைப் பார்த்துத்தான் முதல் வருடம் தலைகால் புரியாமல் இருந்தேன்.

பராமரிப்பில் எனக்கு ஒரு தப்பெண்ணம் இருந்தது. என் பழைய காரின் கடைசி மூன்று வருடச் செலவை மின்சார காரின் முதல் மூன்று வருடத்தோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பழையதில் ஏழாவது வருடம் கிளட்ச், எட்டாவது வருடம் டைமிங் பெல்ட்டும் அதோடு வாட்டர் பம்பும், அப்புறம் துருப்பிடித்த சைலன்சர். இந்தப் பக்கம் ஏசி ஃபில்டர் மட்டும். ஆனால் புது பெட்ரோல் காருக்கும் முதல் நான்கு வருடத்தில் பெரிய செலவு வராது. புதுசோடு புதுசை வைத்துப் பார்த்தால் நான் சர்வீஸில் மிச்சம் பிடித்தது வருடத்துக்கு 150 லிட்டர். எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, பெல்ட் இல்லை. அதற்காகச் செலவே இல்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கிறது, கியர் ஆயில் கொஞ்சம் இருக்கிறது.

பிரேக்கில் வேடிக்கையான சங்கதி. 70,000இல் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் பேடைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதை யாராவது மாற்றிக்கொடுத்தார்களா? புதுசு மாதிரி இருக்கிறதே" என்றார். மாற்றவில்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை வரவில்லை. ஆனால் அதே காரணத்தால் பின்பக்க டிஸ்க்கின் ஓரத்தில் துரு ஏறியிருந்தது. இப்போது வாரம் ஒருமுறை காலியான சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்துத் துருவைத் தேய்த்துவிடுகிறேன்.

அங்கே மிச்சமானதை டயர் பிடுங்கிக்கொண்டது. அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட இது 300 கிலோ அதிக எடை. ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்ததும் முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. முதல் வருடம் சிக்னலில் அந்த இழுவையை ரசித்து ரசித்து ஓட்டினேன். பழைய காரில் 50,000 ஓடிய முன் டயர், இதில் 34,000இல் வழுக்கையாகிவிட்டது. இரண்டாவது ஜோடியை மரியாதையாக ஓட்டுகிறேன், பரவாயில்லை. காற்றழுத்தம் மாதம் ஒருமுறை பார்ப்பது பெட்ரோல் காரில் நல்ல பழக்கம் என்றால், இதில் கட்டாயம். டயரில் வருடத்துக்குச் சராசரியாக 40 லிட்டர் கூடுதல்.

இன்சூரன்ஸ் இன்னொரு 90. காரின் விலை அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு மூன்றாம் வருடம் புரிந்தது. இருட்டில் ஒரு கல் வண்டியின் அடியில் உரசியது. கீழே குனிந்து டார்ச் அடித்தால் பேட்டரியின் அடித்தகட்டில் கையளவு நெளிவு. எடுத்துப்போன இடத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பேட்டரி பேக்கையே மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள். காரின் விலையில் பாதி. எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது. மின்சார வண்டி மட்டும் பழுது பார்க்கும் இன்னோர் இடத்தில் வண்டியைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, உள்ளே மாட்யூல் (பேட்டரி செல்களின் தொகுப்பு) எதற்கும் அடி இல்லை, கூலண்ட் கசிவில்லை, இன்சுலேஷன் சரியாக இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். தகடு மட்டும் மாற்றியதில் 60 லிட்டரோடு முடிந்தது. அதில் இருந்து பாலிசி எடுக்கும்போது இரண்டு விஷயத்தைப் பார்க்கிறேன்: பேட்டரிக்கு அடியில் படும் அடி காப்பீட்டில் வருகிறதா, அந்த மாடலின் பேட்டரியைப் பிரித்து மாட்யூல் மாட்யூலாகச் சரி செய்ய முடியுமா. இரண்டாவதை வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

பெரிய பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த என்னை நடுத்தெருவில் நிறுத்தியது சின்ன பேட்டரி. இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. காலையில் ரிமோட்டை அமுக்கினால் பதில் இல்லை. கைப்பேசிச் செயலியில் கடைசியாகத் தெரிந்தது 81 சதவீதம் சார்ஜ். சாவியின் உள்ளே ஒளிந்திருக்கும் தகட்டுச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. 40 யூனிட் காலடியில் கிடக்கிறது, கதவுப் பூட்டை அசைக்க வக்கில்லை! மின்சார காரிலும் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. விளக்கு, பூட்டு, கணினி எல்லாம் அதில்தான் விழிக்கின்றன. அது விழித்தால்தான் பெரிய பேட்டரியின் சுவிட்ச் விழும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பதினைந்து வருடப் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து வயரைக் கொடுத்தார். பெட்ரோல் கார் உயிர் கொடுத்து மின்சார கார் எழுந்தது. ஒரு மாதத்துக்கு அவர் வாயை அடைக்க முடியவில்லை. என் காரின் கையேட்டில் இப்படி வயர் வாங்கலாம், இன்னொரு காருக்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. உங்கள் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் நெருங்கினால் அந்தச் சின்ன பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது. செலவு பெரிதில்லை, அலைச்சல்தான் பெரிது.

பெரிய பேட்டரி என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான்கு வருடத்தில் 92 சதவீதம் மீதி இருக்கிறது. முதல் வருடத்திலேயே நாலு சதவீதம் போனது, பயந்தேன். அப்புறம் மெதுவாகிவிட்டது, இது வழக்கம்தான் என்கிறார்கள். பல தயாரிப்பாளர்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதற்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பு எங்களுடையது என்று வாரண்டி தருகிறார்கள். வெப்பமும், முழு சார்ஜில் நாள்கணக்கில் நிற்பதும்தான் பேட்டரிக்குப் பகை. என்னுடையது நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி வகை என்பதால் தினமும் 80 சதவீதம் வரைக்கும்தான் ஏற்றுகிறேன். இரும்பு-பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் சதவீதம் பிசகும். 2010இல் வந்த முதல் நிசான் லீஃப் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க தனி ஏற்பாடு கிடையாது. வெயில் ஊர்களில் சீக்கிரம் தளர்ந்தன. பேட்டரி பற்றிய பயத்தில் பாதி அந்தக் காலத்தில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். கூலண்ட் ஓடுகிற பேட்டரி கதையே வேறு.

ஆனால் என் கணக்கைக் குப்புறத் தள்ளியது இவை எதுவும் இல்லை. ரீசேல்தான்.

போன மாதம் சும்மா விலை விசாரித்தேன். வாங்கும்போது இதே அளவு பெட்ரோல் கார் 10,000 லிட்டர், என் கார் 15,000 லிட்டர். நான்கு வருடம் கழித்து அந்தப் பெட்ரோல் கார் 6,000க்குப் போகிறது. என்னுடையதற்குக் கிடைத்த நல்ல விலை 7,000. அது 4,000 இழந்தது, இது 8,000. காரணம் என் பேட்டரி இல்லை. வந்தவர் பேட்டரி நிலை அறிக்கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "வண்டி நல்லாதான் இருக்கு சார். ஆனா புதுசே இப்ப நீங்க வாங்கின விலையைவிடக் குறைவா வருதே" என்றார். உண்மைதான். பேட்டரி விலை பதினைந்து வருடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. புது மாடல் அதே விலைக்கு அதிகத் தூரம் போகிறது. முந்தி வாங்கியவன் தலையில்தான் அந்த இறக்கம் விழுகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். மதிப்பிழப்பில் நான் கூடுதலாக இழந்தது 4,000. சார்ஜர் 400. மொத்தம் 4,400. இந்தப் பக்கம் வருடத்துக்கு எரிபொருளில் 965, சர்வீஸில் 150, அதில் இன்சூரன்ஸ் 90, டயர் 40 கழித்தால் 985. நான்கு வருடத்துக்கு 3,940. இன்றைக்கு விற்றால் நான் 460 லிட்டர் பின்னால் நிற்கிறேன். சேமிப்பில் இருந்து எடுத்துப்போட்ட அந்த 5,000 லிட்டர் வித்தியாசம் சும்மா கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. கடன் வாங்கியவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும். விற்காமல் இன்னொரு வருடம் ஓட்டினால் தாண்டிவிடுவேன், ஏனென்றால் விழ வேண்டிய விலையில் பெரும்பகுதி விழுந்துவிட்டது, எரிபொருளில் பிடிக்கும் மிச்சம் மட்டும் வருடா வருடம் வந்துகொண்டிருக்கும். எட்டு வருடம் வைத்திருந்தால் நல்ல லாபம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிற ஆளாக இருந்திருந்தால் இது எனக்கு ஒத்துவராத வண்டி.

என் தம்பிக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அதற்குக் காரணம் நான். என் முதல் வருடக் கணக்கைக் கேட்டுவிட்டு அதே மாடலை வாங்கினான். அவன் இருப்பது அடுக்குமாடியில், கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் போட ஒன்றரை வருடமாகச் சங்கத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முழுக்க முழுக்க ஃபாஸ்ட் சார்ஜர்தான். ஓட்டுவதும் வருடத்துக்கு 7,000 கிலோமீட்டர்தான், பெட்ரோல் என்றால் 500 லிட்டர். அதில் மிச்சம் 235. இன்சூரன்ஸும் சர்வீஸும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. கூடுதலாகக் கொடுத்த 5,000ஐ 235ஆல் வகுத்தால் இருபத்தொரு வருடம். "அண்ணே, நீ சொன்ன கணக்குல என் வீட்டுப் பார்க்கிங் எங்க இருந்துச்சு?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. 80 சதவீதத்தைத் தாண்டினால் சார்ஜ் நத்தை வேகம் என்பதுகூடத் தெரியாமல், முதல் சில மாதம் 100 வரை உட்கார்ந்து ஏற்றியிருக்கிறான். 10இல் இருந்து 80 வரை போக ஆகும் நேரமே, மேலே உள்ள அந்த இருபதுக்கும் ஆகிறது. ஏறி முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடக் கட்டணம் வேறு.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது பழைய வண்டிகள் பக்கம். நான் இழந்த 8,000 லிட்டர் இன்னொருவருக்குத் தள்ளுபடி. என் காரை 7,000க்கு ஒருவர் வாங்கினால், நான்கு வருடப் பெட்ரோல் காரைவிட அவர் கூடுதலாகக் கொடுப்பது 1,000 லிட்டர்தான். சார்ஜர் 400. என்னைப் போல வீட்டில் ஏற்றி, என்னளவு ஓட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் அது திரும்பிவிடும். பேட்டரி வாரண்டியில் இன்னும் நான்கு வருடம் பாக்கி. பேட்டரி நிலை அறிக்கை இல்லாமல் மட்டும் வாங்கக் கூடாது, விற்பவர் தன் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பவும் கூடாது. வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கு அப்படியே போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே சொன்ன சின்ன பேட்டரி, அடித்தகடு, டயர் மூன்றையும் குனிந்து பார்க்க வேண்டும்.

வரியும் சலுகையும் என் கணக்கில் இல்லாதது வேண்டுமென்றேதான். அவை வரும், போகும். பெட்ரோலில் கிடைத்த சாலை வரி குறையக் குறைய அரசுகள் வேறு வழி தேடுகின்றன. நியூசிலாந்தில் 2024 ஏப்ரலில் இருந்து மின்சார கார்களும் ஓடும் கிலோமீட்டருக்குக் கட்டணம் கட்டுகின்றன. ஐஸ்லாந்திலும் அதே வருடம் கிலோமீட்டர் வரி வந்துவிட்டது. உங்கள் ஊரில் இன்றைக்குள்ள சலுகையை வாங்கும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் இருக்கும் என்று வருடச் செலவில் கழிக்காதீர்கள்.

தம்பி அடுத்த மாதம் வீடு மாறுகிறான். காம்பவுண்டுக்குள்ளேயே கார் நிறுத்த இடம். போன வாரம் ஃபோன் செய்தான். வாடகையைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மெயின் போர்டில் இருந்து வண்டி நிற்கும் இடம் பதினொரு மீட்டர், நடந்து அளந்துவிட்டேன், உங்கள் வீட்டில் போட்ட கேபிள் எத்தனை தடிமன் என்று கேட்டான். நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன்.